அமாவாசைப் பீடி

பேச்சியம்மாளின் நுரையீரல் இதுவரை இழுத்த புகையெல்லாம் ஸ்கேன் திரையில் தேதிவாரியாக இருந்தது.

“பீடி குடிக்கிறதில்லன்னீங்களேம்மா?” என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

“சத்தியமா இல்ல தாயி.”

“மாசம் ஒருநா, ஒரு கட்டுப் புகை காட்டுதே.” தேதிகளை மறுபடி பார்த்தாள். “எல்லாமே அமாவாசை.”

“அது எங்க வீட்டுக்காரரு குடிக்கிறது. அவரு போயி ஆறு வருசமாச்சு. படையல்ல ஒண்ணொண்ணா பத்த வச்சு, தீருற வரைக்கும் பக்கத்துல இருப்பேன்.”

“சின்னதா ஒரு புள்ளி தெரியுதும்மா. இனிமே புகையே ஆகாது. பத்த வைக்காம படைங்களேன்.”

“பத்த வைக்காம எப்படிக் குடிப்பாரு?”

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“சரி, வர்ற அமாவாசைக்கு விடச் சொல்லிடுதேன். நாப்பது வருசம் சொல்லிக் கேக்காத மனுசன்தான். புள்ளி எனக்குன்னா கேப்பாரு.”