கடைசிக் கால்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா ஆய்வுக்கூடத்தின் ஜன்னலில் மதிய மழை அடிக்கிறது. ஆறிப்போன தே தாரேக் டீயின் நிறத்தில் வெளிச்சம் மேசைமேல் கிடக்கிறது. அங்கே ஊசியில் குத்தி நிற்கும் பழுப்பு அந்துப்பூச்சியை யோகமலர் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்த இனத்தில் கிடைத்தது இது ஒன்றுதான். அதன் மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் படிக்க ஒவ்வொரு தடவையும் ஒரு கால் வேண்டும். ஆறு கால்களில் ஐந்து போயாகிவிட்டன; முதல் நான்கில் எதுவும் தேறவில்லை. ஐந்தாவதன் முடிவு இப்போதுதான் திரையில் வந்திருக்கிறது: மனித மரபணு. கையுறை கிழிந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. "பூச்சிய விட்டுட்டு உங்களையே படிச்சு வச்சிருக்கீங்கக்கா," என்று சிரிக்கிறாள் மதுரையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் அஃப்ரின். "சும்மா இரு லா. இதுவும் போச்சுன்னா நாலு வருஷ ஆராய்ச்சி போச்சு." யோகமலர் இடுக்கியை எடுக்கிறாள். மிஞ்சிய ஒற்றைக் காலருகே கொண்டுபோய் நிறுத்துகிறாள். இடுக்கியை அஃப்ரினிடம் நீட்டுகிறாள். "என்னால முடியல. நீயே எடு." அஃப்ரினின் சிரிப்பு சட்டென்று அடங்குகிறது. புதுக் கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி குனிகிறாள். யோகமலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மழையைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை. "எடுத்துட்டேன்கா. குழாய்க்குள்ள போட்டாச்சு. பாக்குறீங்களா?" "மூடியைப் போடு," என்கிறாள் அவள், திரும்பாமலே.