நடந்து வந்தவர்களின் கால்கள்

ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்களின் ஸ்டூல்களை அன்று காலை எடுத்துவிட்டார்கள். காலில் நரம்பு புடைத்திருந்த செண்பகவல்லி மேலாளரிடம் போய்க் காரணம் கேட்டாள்.

விற்பனைப் பெண்களுக்கெல்லாம் கடை எடுத்திருந்த மரபணு சோதனையில் அவளுடைய அறிக்கையை அவர் கணினித் திரையில் காட்டினார். “உன் முன்னோருங்க ஆப்பிரிக்காவுலேருந்து நடந்தே வந்திருக்காங்கம்மா. உன் காலு நிக்கிறதுக்குன்னே அமைஞ்சதாம்.”

“உங்க முன்னோருங்க எதுல சார் வந்தாங்க?”

“மேனேஜருக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கல,” என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“வழியில உக்காராமயா வந்திருப்பாங்க? உக்காந்துதானே அடுப்பு மூட்டியிருப்பாங்க, பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பாங்க. எந்திரின்னு சொல்ல அப்ப மேனேஜர் கிடையாது.”

அவள் நேராகப் பட்டுப்புடவைப் பிரிவுக்குப் போய், மணப்பெண்களுக்கான வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள்.

மேலாளர் ஓடிவந்து கத்தினார். அவர் நின்றுகொண்டு பேசி அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.