கழுவாமல் கொண்டு வந்தது

அபிலாஷ் பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்ததும் கடைக்குள் இருந்த மூன்று பேரும் மூக்கைப் பொத்தினார்கள்.

மதியம் இரண்டு மணி. வெளியே சாலைக் கடைத்தெருவில் வெயிலும் லாரிப் புகையும். உள்ளே கண்ணாடி மேசையின்மேல், புத்தம்புதுச் சட்டைகளுக்கு நடுவே, ஒரு குழந்தையின் பீத்துணி.

"ஒண்ணும் நெனைக்காதீங்க சேச்சி. கழுவிக் கொண்டுவந்தா நம்ப மாட்டீங்க. அதான் ஒண்ண மட்டும் அப்படியே எடுத்துட்டு வந்தேன்."

விற்பனைக்கு நின்ற இசக்கிசெல்வி புதுச் சட்டைகளை அவசரமாக ஓரம் தள்ளினாள்.

பதினோரு வருடமாக இந்த ஜவுளிக்கடையில் நிற்கிறாள். கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு அக்குள் நாற்றத்தோடு மாற்ற வரும் புடவை, மூன்று நாள் போட்டுக் கழற்றிவிட்டு அளவு சரியில்லை என்று நீட்டும் உள்பாடி, எல்லாவற்றையும் தொட்டிருக்கிறாள். ஆட்களுக்குக் கூச்சமே விட்டுப்போய்விட்டது என்று நினைப்பாள். ஆனால் பீத்துணியோடு யாரும் வந்ததில்லை.

கூட வேலை செய்யும் அனுஷா துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே அவள் ஓங்கரித்துத் துப்புவது முன்கடைவரை கேட்டது.

அபிலாஷ் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை செய்பவன், மலையாளம் கலந்து பேசுபவன். முதல் குழந்தை, பெண். தூக்கிப்போடும் டயப்பரே வேண்டாம் என்று பிரசவத்துக்கு முன்பே அவன் மனைவி திவ்யலட்சுமி முடிவு செய்திருந்தாள். அவர்கள் பக்கத்தில் குப்பை எடுக்க வருகிறவர்கள் டயப்பரைத் தொடுவதில்லை. கொல்லையில் எரித்தால் பக்கத்து வீட்டோடு சண்டை. அதனால் கழுவிக் கழுவிப் போடும் துணி டயப்பர் ஆறு வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தக் கடையில்தான், இதே இசக்கிசெல்வியிடம்தான்.

"ஆறும் மஞ்சளாப் போச்சு. சோப்பு, நாரங்காச் சாறு, வெயிலு எதுக்கும் போகல. சாயம் எறங்குது சேச்சி. என் பிள்ளையோட தோல் கெட்டா யாரு சமாதானம் சொல்வாங்க?"

கல்லாவிலிருந்து முதலாளி அழகியநம்பி கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். "செல்வி, அந்த அசிங்கத்த வெளிய போட்டுட்டு ஆள அனுப்பு. யாவாரம் நடக்குற எடம்."

அவள் துணி அளக்கும் மீட்டர் கோலை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, அதன் நுனியால் ஒரு மடிப்பைத் தூக்கினாள். புளித்த வாடை குப்பென்று ஏறியது. கண்ணில் நீர் கட்டியது.

வெளிப்பக்கம் வாத்துப் படம் போட்ட பச்சைத் துணி. உள்பக்கம் வெறும் வெள்ளைப் பருத்தி. வெள்ளையிலிருந்து இறங்க என்ன சாயம் இருக்கிறது?

அவள் கோலைக் கீழே போட்டாள்.

இரண்டு கையாலும் அந்தத் துணியை எடுத்து விரித்தாள். டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய், முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலில் ஈரம் ஒட்டியது. அபிலாஷே ஓரடி பின்னால் நகர்ந்தான்.

மூத்திரம் ஊறிய இடமெல்லாம் கடுந்தேயிலைக் கறை. நடுவில், கடுகை அரைத்ததுபோல் மஞ்சளாக இருக்கவேண்டியது, குழைத்த சுண்ணாம்புபோல் வெளுத்துக் கிடந்தது.

"பிள்ளைக்கு எத்தன நாளாச்சு?"

"நாப்பத்தேழு."

"கண்ணு மஞ்சளா இருக்கா?"

அவன் தயங்கினான். "கொஞ்சம் உண்டு. பொறந்தப்பவே இருந்தது. காலம்பற வெயில்ல காட்டுறோம். பால் நல்லாக் குடிக்கிறா."

"தம்பி, இது சாயமில்ல. கைப்பிள்ள மூத்திரம் துணியில கறை பிடிக்காது. ஆய் இப்படி வெளுக்கவும் கூடாது. ஈரல்ல இருந்து பித்தம் எறங்காம இருக்கும். பிள்ளையத் தூக்கிட்டு இப்பவே மெடிக்கல் காலேஜுக்குப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

அபிலாஷின் முகம் சிவந்தது. "துணிய மாத்தித் தர மனசில்லேன்னா அதச் சொல்லுங்க. பச்சப் பிள்ளையச் சொல்லியா பேடிப்பிச்சுப் பயங்காட்டுறது?"

அவள் அலமாரியிலிருந்து புதிதாக ஆறு துணி டயப்பரை இழுத்து அவன் முன்னால் வைத்தாள். அழகியநம்பி எழுந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தா, மாத்தித் தந்தாச்சு. இனி போவீங்களா?"

அவள் அழுக்குத் துணியைக் கறை கலையாமல் மடித்து, ஒன்றுக்கு இரண்டு பையில் போட்டு முடிந்து, அவன் கையில் திணித்தாள்.

"இதக் கழுவிராதீங்க. டாக்டர்ட்ட காட்டணும். அவங்க கேக்கலேன்னாலும் விரிச்சுக் காட்டுங்க."

புது டயப்பர்களை அவன் எடுக்கவில்லை. அந்தப் பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி வெளியே ஓடி ஒரு ஆட்டோவை மறித்தான். ஏறும்போதே போனில், "திவ்யா, மோளை எடுத்துட்டு ரோட்டுக்கு வா, ஒண்ணும் கேக்காத, வா," என்று அவன் சொல்வது கேட்டது.

அழகியநம்பி ஆறு டயப்பரையும் தாமே எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

பின்கட்டுக் குழாயடியில் இசக்கிசெல்வி முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. அனுஷா எட்ட நின்று சோப்பை நீட்டினாள்.

"எப்படிக்கா அதக் கையில எடுத்துப் பாக்க மனசு வந்துச்சு? சீ."

"நான் என் பையனுக்குத் தூக்கிப்போடுற டயப்பர்தான் போட்டேன்," என்றாள் இசக்கிசெல்வி. "மூணு மாசம். முகத்தத் திருப்பிக்கிட்டே சுருட்டிக் கூடையில போட்டுருவேன். ஒரு நாளும் விரிச்சுப் பாத்ததில்ல. ஆய் என்ன நெறம்னு டாக்டர் கேட்டப்ப எனக்குச் சொல்லத் தெரியல."

நாலு வருடமாகப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் அனுஷா, அக்காவுக்கு ஒரு பையன் இருந்தான் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டாள்.