பண்ணையில் இரண்டு அதிர்வெண்

"மனித குலம் செய்தி அனுப்பக் கற்றுக்கொண்டது இன்று மதியம்தான்" என்று கோழிப் பண்ணை வாசலில் அறிவிக்கிறான் சரவணக்குமார். அவன் செய்த பெட்டி, செய்தியிலுள்ள ஒன்றுக்கு ஓர் அதிர்வெண், சுழியத்துக்கு வேறோர் அதிர்வெண் என்று ரேடியோ அலையை மாற்றி அனுப்பினால், தூரத்துக் கிணற்றில் மோட்டார் ஓடிக் கோழிகள்மேல் தண்ணீர் தூவ வேண்டும். "மோட்டார் போடச் சொல்லி, கெணத்தடியில நிக்கிற அப்பாவுக்குத் துண்டு ஆட்டுறதெல்லாம் கற்காலம்மா." பொத்தானை அழுத்துகிறான். தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது, மோட்டார் ஓடவில்லை. கோழிகள் வாய்பிளந்து இரைக்கின்றன. "ஒண்ணு சாஞ்சிருச்சு சாமி, துண்ட ஆட்டிரட்டுமா?" என்கிறாள் அம்மா முத்தாயம்மாள். "ஆட்டுனா என்ர நாலு வருசப் படிப்பு என்னத்துக்கும்மா? அலை போய்க்கிட்டேதான் இருக்குது!" இன்னும் ஓங்கி அழுத்துகிறான். இன்னொரு கோழி சாய்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, அவள் தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டு வெயிலில் இறங்கி, கிணற்றைப் பார்த்து ஆட்டுகிறான்.