வானத்திலிருந்தா விழுந்தது?

போன வாரம் விவசாயி சாமிதுரை கொடுத்துவிட்டுப் போன கறுத்த கல், கல்லூரி ஆய்வகத்து மேஜைமேல் இருந்தது. தேங்காய் அளவுதான். ஆனால் இரும்புக் குண்டாகக் கனத்தது.

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?" திருக்காட்டுப்பள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த சாமிதுரை உட்காரக்கூட இல்லை.

"வந்துடுச்சுங்க ஐயா. விலை எவ்வளவு போகும்னு..." என்று ஆரம்பித்தாள் பேராசிரியை பூர்ணிமா.

"விலையை விடுங்க. எங்க மண்ணுல கூழாங்கல்கூடக் கிடையாது. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

பூர்ணிமா காந்தத்தை வைத்தாள். டக்கென்று ஒட்டியது. அறுத்த பக்கத்தில் உலோகத் துகள்கள் மின்னின.

"விண்கல்தாங்க. சந்தேகமே இல்ல."

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தாள். அவர் முகம் வெளிறிப்போனது.

"அப்ப, என் மோட்டார் கொட்டகைக் கூரையை உடைச்சது என் தம்பி இல்லையா?"

"தம்பியா?"

"'நீ எறியாம வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?'ன்னு கேட்டேன். 'ஆமா'ன்னான். திமிருன்னு நினைச்சு, அவன் வயலுக்குத் தண்ணி போற மடையை அடைச்சுட்டேம்மா. பதினேழு நாளாச்சு. கதிர் வாங்குற பயிரு!"

கல்லை அங்கேயே விட்டுவிட்டு, போனில் மனைவியிடம் கத்திக்கொண்டே வெளியே ஓடினார்.

"கண்ணாத்தா, மண்வெட்டியை எடுத்துக்கிட்டு ஓடு! தம்பி மடையை வெட்டி விடு!"