செத்தவர்கள் வெளியே

"பாருடா, என் வீட்டுக்காரர் செத்துட்டாரு!" என்று அக்கா கைதட்டிச் சிரித்தாள்.

செத்தவர் எழுந்து சோம்பல் முறித்தார். தன் பகடைகளை மறக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஞாபகம் இருக்குல்ல மாமா? செத்தவங்க மேஜையில உக்காரக் கூடாது. பக்கத்து ரூமுக்குப் போயிடணும்," என்றான் தம்பி, பெருமை பொங்க.

தம்பி பல் டாக்டர். ஆளுக்கொரு வீரனாகி, பகடை உருட்டி, வாயாலேயே கோட்டை பிடிக்கும் ஆட்டம் ஒன்றை இவர்கள் வாராவாரம் ஆடுவார்கள். அதில் வயிற்றில் வாள் பாய்ந்தவன் மறுநாளே எழுந்து ஓடுவதை டாக்டர் மனசு தாங்கவில்லை. மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதைவிட ஒசத்தியாக ஒன்றைத் தானே எழுதிவிட்டான். இதில் கீறல் பட்டாலே சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், ஆள் காலி.

இன்றைக்கு இவர்களுக்குப் பிடித்துவிட்டால் நாளைக்கே அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தான். 

அடுத்து அக்கா. எதிரியே கண்ணில் படாதபோது முள்வேலியில் போய் விழுந்தாள்.

"அய்யய்யோ, முள் குத்திடுச்சே! சீழ்தானே?"

"சீழ்தான்க்கா."

அவளும் பகடைகளை அள்ளிக்கொண்டு துள்ளி ஓடினாள். எதிர்வீட்டு வக்கீல் துருப்பிடித்த ஆணியாகத் தேடி மிதித்துவிட்டு, அவள் பின்னாலேயே போய்விட்டார்.

சற்று நேரத்தில் பக்கத்து அறையில் ஒரே சிரிப்பு, கும்மாளம்.

"கேட்டியா? செத்தப்புறமும் என் ஆட்டத்தப் பத்தித்தான் பேச்சு!" என்றான், மேஜையில் மிச்சமிருந்த மனைவியிடம். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி பாடுதான் திண்டாட்டம். தூங்குகிற கரடியைப் போய்ச் சீண்டினாள். பாழாய்ப்போன பகடை ஆறாக விழுந்து, கரடி பயந்து ஓடியே போனது.

"ஏங்க, எனக்கு ஒரு காய்ச்சலாவது வராதா?"

"சும்மா இரு, நீதான் பிரமாதமா ஆடறே! ஒரு நிமிஷம், அவங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சுதுன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

ஆசையோடு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தான். கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பகடை உருளும் சத்தம் கேட்டது.

கதவுச் சத்தம் கேட்டதும் அக்கா தலை நிமிராமலே சொன்னாள்:

"அப்பாடா, ஒருவழியா நீயும் செத்துட்டியாம்மா? வா வா, பழைய ஆட்டத்துல உன் வீரனை உயிரோட வெச்சிருக்கோம்!"