வெல்வெட் போர்த்திய ஃப்ரீசர்

ஃப்ரீசரின் மீட்டர் ஏழு டிகிரி என்று காட்டியது. காலையில் நான்குதான் இருந்தது.

வெல்வெட் துணியின் ஓரத்தைக் கீழே விட்டுவிட்டு, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

போன வாரம் நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வந்தோம். இன்று அவர்கள் சிங்கப்பூர் தெம்பனிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் உம்மா மைமூன் என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பழைய ஃப்ரீசரை ஒட்டிய நாற்காலியில்.

உறையாமல் குளிர மட்டும் செய்யும்படி அதை மாற்றித் தந்தவர் ஜாலான் புசாரில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடைக்கார நசீர். உள்ளே, நாளை ஒரு கல்யாண விருந்துக்காக இருநூறு கப் வட்டலப்பம். முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்டது. பத்தைத் தாண்டினால் அவ்வளவையும் கொட்ட வேண்டியதுதான்.

அலங்காரம் என் கணவர் அலீமின் கைவண்ணம். வீட்டில் பலகாரம் செய்து விற்கிறோம் என்று தெரிந்தால் இவர்கள் என்ன நினைப்பார்களோ. அதனால் இரண்டு பக்கமும் தெர்மாகோல் ஒட்டி, மேலே வெல்வெட் போர்த்தி, பூச்சாடியும் வைத்துவிட்டார்.

பக்கச் சுவர் வழியாகத்தான் சூடு வெளியே போகும், ஸ்டிக்கர் வேண்டுமானால் ஒட்டுங்கள், மூடிவிடாதீர்கள் என்று நசீர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

“மீன் பெட்டிக்கே தெர்மாகோல்தான் போடுறாங்க. இன்னும் ஜில்லுன்னு இருக்கும் லா,” என்றார் இவர். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

எட்டு.

ஃபர்சானா டீ கொண்டுவந்தாள். என் மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிகிறது. துணியை உருவினால் சம்பந்தம் தட்டிப்போகும். உருவாவிட்டால் வட்டலப்பம் போகும். மோட்டார் நிற்காமல் உறுமியது. சத்தத்தை மறைக்க அலீம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒன்பது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணிக்கு அடியில், தெர்மாகோல் இடுக்கில் கையை விட்டேன். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

மைமூன் பார்த்துவிட்டார். எழுந்து வந்தார். பூச்சாடியைத் தூக்கி அலீமின் கையில் கொடுத்தார். துணியை உருவி, தெர்மாகோலைப் பிய்த்துப் போட்டார்.

“போன வாரம் எங்க வீட்ல நீங்க டீ கிளாஸ் வச்சீங்களே சம்மந்தி, அது மேசை இல்ல, இதே மாதிரி மூடி வச்ச ஃப்ரீசர். நீங்க போனதும் தொறந்து பாத்தா, விக்க வச்சிருந்த கோழி பூரா கெட்டுப்போச்சு.”

சம்மந்தி என்ற சொல்லைக் கேட்டு ஃபர்சானா டீத்தட்டோடு அடுப்படிக்குள் ஓடினாள்.

அலீம் பூச்சாடியைக் கட்டிப்பிடித்தபடி என்னையே பார்த்தார். அந்த மேசை மாதிரியே நம் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரை நச்சரித்தது நான்தான்.